இடது சுண்டுவிரலில் ஒரு லத்தீன் வார்த்தை

உங்களில் யாரும் இப்போது ஆளைப் பார்த்துப் படிவம் நிரப்புவதில்லை. குறை சொல்லவில்லை. ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்கிறார்கள், நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தட்டிவிடுகிறீர்கள். படிவம் எழுதுகிற நம் சங்கத்துக் கூட்டத்தில் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எனக்கு நின்றுகொண்டு பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். குரல் நன்றாக இருக்கிற யாராவது படித்துவிடுங்கள்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து லாரி ஏறியவன், பம்பாயில் பழைய பேப்பர் கடையில் மூட்டை கட்டினேன். சூரத்தில் சாயப்பட்டறை. ஷார்ஜாவில் கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டினேன். எங்கேயும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தரிக்கவில்லை. ஷார்ஜாவில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனது. குனிந்து செய்கிற வேலை இனி ஆகாது என்றார்கள். ஊருக்கு வந்து உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடியதில் ஒரு டைப்ரைட்டர் அகப்பட்டது. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடைச் சாய்ப்பில் தகர மேஜையைப் போட்டேன். மழை வந்தால் முதலில் மிஷினை மூடுவேன், பிறகு படிவங்களை. மிச்ச இடம் இருந்தால் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெருவுக்கொரு எஸ்.டி.டி. பூத் வந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப்பேர் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள், மீதிப்பேர் அவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் படிவம் வேண்டும். படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடலாம், ஒன்றைத் தவிர. அங்க அடையாளம்.

பள்ளிக்கூடம் போனவனுக்குக் கவலையில்லை. எந்தக் காலத்திலோ ஒரு வாத்தியார் சட்டையைத் தூக்கிப் பார்த்து டி.சி.யில் எழுதிய மச்சம் இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு மச்சத்தை நாமே தேட வேண்டும். நடுத்தெருவில், டீக்கடை வாசலில், ஆட்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித் தேடும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆற்றுப் பாசன ஊர்களிலிருந்து வருகிற ஆண்கள் அத்தனை பேருக்கும் இடது சுண்டுவிரலில் ஒரே மாதிரி ஒரு தழும்பு. நெல் அறுக்கும்போது இடது கையால் தாளைக் கொத்தாகப் பிடித்து, வலது கை அரிவாளை அதற்குக் கீழே கொடுத்து இழுக்கிறோம். பிடித்த கையில் ஆகக் கீழே இருப்பது சுண்டுவிரல். பழகுவதற்குள் ஒரு தடவையாவது பல் பதிந்துவிடும். விரலும் உருண்டை, அரிவாளும் வளைவு. அதனால் காயமும் வளைந்தே ஆறும்.

முதலில் 'சுண்டுவிரலில் ஒரு தழும்பு' என்று எழுதி அனுப்பினேன். ஒரு படிவம் திரும்பி வந்தது. தழும்பின் விவரம் போதாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

விவரத்துக்கு என்னிடம் ஒரு சரக்கு இருந்தது. பம்பாய்ப் பேப்பர் கடையில் ஒரு தாவர நூல் எடைக்கு வந்தது, எல்லாம் இலைப் படங்கள். கடைசிப் பத்துப் பக்கத்தில் இலை வடிவங்களின் பெயர்கள், அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்ற குறிப்போடு. அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். தூங்க இடமில்லாதவன் எதையாவது வைத்துக்கொள்வான். ஓவேட் என்றால் முட்டை வடிவம், லத்தீனில் ஓவம் என்றால் முட்டை. லான்சியோலேட் என்றால் ஈட்டி வடிவம். ரெனிஃபார்ம் என்றால் சிறுநீரக வடிவம். ஃபால்கேட் என்றால் அரிவாள் வடிவம். லத்தீனில் ஃபால்க்ஸ் என்பது அரிவாள். ரோமாபுரியில் கோதுமை அறுத்தவன் கையில் இருந்த சாமான். அதைப் பார்த்துத்தான் வளைந்த இலைக்கும், மீன் துடுப்புக்கும், தேய்ந்த நிலாவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலாவைப் பார்த்து அரிவாளுக்கு வைக்கவில்லை. அறுப்பு அறுத்தவன் எவனோ முந்திக்கொண்டிருக்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பி வந்த படிவத்தில் 'இடது சுண்டுவிரலில் ஃபால்கேட் தழும்பு' என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினேன். எல்லாருக்கும் மூன்று மாதம் ஆகிற காலத்தில் அந்த ஆளுக்கு ஒரு மாதத்தில் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

இன்னொருவனுக்கு எழுதினேன். அவனுக்கும் ஒரு மாதம். மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. அதற்குப் பிறகு என் மேஜையைச் சுற்றி நடந்ததை நான் தடுக்கவில்லை என்பதுதான் என் முதல் தப்பு.

"டைப்புக்காரரே, எங்க மச்சானுக்குப் போட்டீங்களாமே ஒரு வார்த்தை, அதையே எனக்கும் போட்டுருங்க."

"ஒனக்கு மூக்குல பெரிய மச்சம் இருக்கேய்யா. அதை எழுதுறேன்."

"மச்சம் கெடக்குது. ஒரு மாசத்துல போவணும்."

ஒரே ஊரிலிருந்து இருபது முப்பது பேர் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் கண் கருப்பு, மாவட்டம் ஒன்று, தழும்பு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதையே தட்டுவானேன் என்று, ஆள் வராத மதிய நேரங்களில் இந்த மூன்று கட்டத்தையும் முன்கூட்டியே தட்டி, ஒரு கட்டுப் படிவம் தயாராக வைத்துக்கொண்டேன். ஆள் வந்தால் பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் போட்டால் போதும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நீங்கள் கம்ப்யூட்டரில் பழைய படிவத்தைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறீர்களே, அதேதான்.

அந்தக் கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவித்தான் ஹாஜாவுக்கும் தட்டியிருக்கிறேன்.

ஹாஜா அதிராம்பட்டினத்துப் பையன். இருபத்திரண்டு வயது. தையல் கடையில் துணி வெட்டுகிறவன். வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடந்ததுகூடக் கிடையாது. அவன் வந்த அன்று கூட்டம், நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான், போனான். ஒரு மாதத்தில் பாஸ்போர்ட் வந்தது. வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டான். ஏழெட்டு மாதம் கழித்து, தை பிறந்த பிறகு, துபாயில் ஒரு தையல் கடையில் வெட்டுகிற வேலைக்கு விசா வந்தது. அவன் வாப்பா இறந்து நாலு வருஷம். முன்பு ஒரு விசாவுக்குக் கட்டிய பணம் ஏமாற்றுக்காரனிடம் போய்விட்டது. இது இரண்டாவது. மூன்றாவது வராது. பதினெட்டு நாளுக்குள் துபாயில் கால் வைக்க வேண்டும். அப்போதுதான் லீவில் வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் படித்துவிட்டு, "எங்கடா அந்தத் தழும்பு?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் அங்க அடையாளமும் எழுதியிருக்கும். அதில் பயம் வேறு. எங்கள் பக்கத்து ஆள் ஒருவன், கன்னத்து மச்சம் ராசியில்லை என்று யாரோ சொல்லி அதைச் சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கிவிட்டு விமானம் ஏறப் போய், மச்சம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். உண்மையோ பொய்யோ, எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

வெள்ளைத் துப்பட்டியைத் தலையைச் சுற்றி இழுத்துப் பிடித்தபடி ஹாஜாவின் உம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மகனின் இடது கையைப் பிடித்து என் டைப்ரைட்டர் மேல் வைத்தார்.

"எழுதுனது நீங்கதானே தம்பி? காட்டுங்க, எங்க இருக்கு?"

விரல் வெண்டைக்காய் மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா."

"தப்பு நடந்துபோச்சு, சரி. திருத்துங்க."

"திருத்தணும்னா பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுக்கணும். மறுபடி போலீஸ் விசாரணை, அது இதுன்னு மூணு மாசம் ஆகும்."

"விசா பதினெட்டு நாளு."

"ஆமாம்மா."

அவர் மகனின் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப விரலத்தான் திருத்தணும். என்ன எழுதியிருக்கீங்க, வெட்டுக் காயமா? வீட்டுல மீன் அரியிற அரிவாமனை இருக்கு. அஞ்சு நிமிஷம்."

"உம்மா!" என்றான் ஹாஜா.

"சும்மா இர்ரா. சுன்னத்து பண்ணுனப்ப அழுதியா நீ?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற திமிர். "அரிவாமனையில போட்டா நேர்கோடா விழும்மா," என்றேன். "எழுதியிருக்கிறது அரிவா மாதிரி வளைஞ்ச தழும்பு. லத்தீன்ல ஃபால்க்ஸ்னா..."

"பிறை மாதிரியா?"

"பிறை மாதிரிதான். ஆனா பேரு அரிவாளிலேர்ந்து வந்தது."

"பிறைன்னே எழுதியிருக்கலாமே. பாக்க நல்லா இருந்திருக்கும்," என்றார் உம்மா, நிஜமான வருத்தத்தோடு.

காயம் பட்டுப் பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும், இளஞ்சிவப்பாக ஒரு கோடு நிற்கும், அது போதும் என்று நானே கணக்குப் போட்டேன். வளைவாக விழ வேண்டுமென்றால் நிஜமாக நெல் அறுக்க வேண்டும். தை மாதம், எல்லா ஊரிலும் சம்பா அறுப்பு நடக்கிறது. புதிதாக அரிவாள் பிடிப்பவன் முதல் நாளே கையை அறுத்துக்கொள்வான், இது இந்த ஜில்லாவில் சூரியன் உதிப்பது போல நிச்சயம். யாரும் யாரையும் வெட்ட வேண்டாம். பையனை அறுப்புக்கு அனுப்புவோம், அது தானாக நடக்கும். நான் சொன்னேன், உம்மா ஒத்துக்கொண்டார், ஹாஜா தலையாட்டினான். மூன்று பேருக்கும் அப்போது மூளை இருந்ததாகத்தான் ஞாபகம்.

செல்லம்மா என்று ஒருவர், அறுப்புக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவருடைய புருஷன், இரண்டு மச்சினன்கள் மூவருக்கும் படிவம் நான்தான் போட்டேன். மூவரும் சவூதியில். விஷயத்தைச் சொன்னதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"கைய அறுத்துக்கவா ஆளு வருது? வரட்டும், வரட்டும். எனக்கு ஆளே இல்ல. இருந்த ஆம்பளைய எல்லாம் நீங்க பிளேன்ல ஏத்திவுட்டுட்டீங்க."

மறுநாள் விடிந்ததும் ஹாஜா வரிசையில் நின்றான். முழங்காலுக்கு மடித்த கைலி, கையில் பல் வைத்த கருக்கரிவாள். நான் வரப்பில் குடையோடு உட்கார்ந்தேன். உம்மா பக்கத்தில், மடியில் பஞ்சும் காயத்து மருந்தும் கட்டுத்துணியும். பிள்ளைப்பேறுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தோம்.

காலை போனது. அவன் அறுத்தான். மெதுவாகத்தான், ஆனால் ஒழுங்காக. மதியம் போனது. செல்லம்மா அவன் அருகே போய்ப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"இந்தப் பாய் தம்பிக்கு யாரு கத்துக் குடுத்தது? ஒவ்வொரு தடவையும் சுண்டுவெரல உள்ளே மடிச்சுக்குது."

பிறகுதான் புரிந்தது. ஏழு வருஷம் பெரிய கத்தரிக்கோலோடு புழங்கிய கை. வெட்டும் இரும்பு பக்கத்தில் வந்தால் விரல் தானாக ஒதுங்கிவிடும்.

"மடிக்காத தம்பி!" என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

"நான் மடிக்கல அண்ணே! அதுவா மடிஞ்சிக்குது!"

இரண்டாம் நாள் வேகம் கூடியது, காயம் இல்லை. பெண்கள் அவனை வம்புக்கிழுத்தார்கள். "எங்க வெட்டுப்பட்டுருமோன்னு பயந்துகிட்டே அறுப்போம் நாங்க, நீ எங்கடா படலயேன்னு பயப்படுற!" மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வரிசையில் முதலாவதாகக் கரையேறினான். செல்லம்மா கூலியாக நெல்லை அளந்து அவன் தலையில் மூட்டையாக ஏற்றி, "நாளைக்கும் வந்துரு, தம்பி. ஒன்ன மாதிரி ஆளு கெடைக்காது," என்றார். உம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மகன் நெல் சம்பாதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்காக ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. எப்படிப் பிடித்தால் படும் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, இடுப்பு வலியை மறந்து, ஹாஜாவின் அரிவாளை வாங்கி, வரப்போரம் நின்ற நாலு கதிரைப் பிடித்து இழுத்தேன். பட்டது. எனக்கு. உம்மா மூன்று நாளாக மடியில் வைத்திருந்த பஞ்சு அத்தனையும் என் விரலுக்கு ஆனது. அவர் கட்டுப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார். "எவ்வளவு அழகா வளைஞ்சு விழுந்திருக்கு. இது எம் மவனுக்கு விழுந்திருக்கக் கூடாதா?"

நாலாம் நாள் போனால் வயலில் அறுவடை இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறை என்று நிலத்துக்காரர் வெளி மாநிலத்திலிருந்து வரவழைத்திருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நாள் வேலையை அது முக்கால் மணி நேரத்தில் தின்றுவிட்டது. அதற்கு விரலே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எல்லா வயலுக்கும் அதுதான் போகிறது என்றார்கள். விசாவுக்குப் பதினான்கு நாள் இருந்தது.

உம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "செல்லம்மா, நீயே போட்டு வுட்டுரு. ஒனக்குத்தான் அந்த வளைவு தெரியும்."

செல்லம்மா தயங்கினார். "கண்ண மூடிக்குவியா தம்பி?"

களத்து மேட்டில் ஹாஜா உட்கார்ந்தான். உம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செல்லம்மா அரிவாளைச் சுண்டுவிரலின் வெளிப்பக்கம் வைத்து, இப்படியா அப்படியா என்று என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் கீழே என்று கைகாட்டினேன். ஆமாம், காட்டினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹாஜா கண்ணை மூடவில்லை. மெதுவாகக் கேட்டான். "அண்ணே, இதுல நரம்பு எங்க ஓடுது?"

"ஏன் தம்பி?"

"துணி வெட்டுறப்ப நழுவாம அமுக்கிப் பிடிக்கிறது இந்த வெரல்தான். மத்த நாலும் சும்மா கூட நிக்கும். நரம்ப விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க."

அந்த விரலுக்காகத்தான் துபாயில் அவனுக்கு வேலை. அந்த வேலைக்குப் போவதற்காக அந்த விரலை வெட்டிக்கொண்டிருக்கிறோம். படிவத்தில் தப்பு இருக்கிறது என்றால் படிவத்தைத் திருத்த வேண்டும். நான் ஆளைத் திருத்திக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான். அவசரம் முற்றும்போது காகிதம் கல் மாதிரியும் மனுஷன் மாவு மாதிரியும் தெரிய ஆரம்பிக்கும். அப்படித் தெரிந்தால் எழுந்து நின்றுவிடுங்கள்.

"நிறுத்துங்க. அரிவாள எடும்மா," என்றேன். "நாளைக்கு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போவோம். தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்."

படிவம் தட்டுகிறவன் ஆபீசுக்குள் போகக் கூடாது என்பது அப்போது எங்கள் தொழிலில் எழுதாத விதி. முன்கூட்டித் தட்டி வைத்தேன் என்று ஒத்துக்கொண்டால் மேஜையைத் தூக்கிவிடுவார்கள். பொய் விவரம் என்று வழக்கும் வரலாம். இரவெல்லாம் யோசித்தும் வேறு வழி தோன்றவில்லை. காலையில் பஸ் ஏறினோம், நான், ஹாஜா, உம்மா.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மேஜையில் பேனாத் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு டப்பா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபால்கேட் என்ற வார்த்தை வந்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஹாஜாவைப் பார்த்து, "நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்றார்.

"சார்?"

"தொத்துமா அது?"

"எது சார்?"

"அந்த ஃபால்கேட். பட்டுக்கோட்டைப் பக்கம் பரவியிருக்கிற தோல் வியாதிதானே? எங்க பழைய ஹெட் கிளார்க் சொல்லிட்டுத்தான் ரிடையர் ஆனார். அந்த வார்த்தை இருக்கிற ஃபைலை யாரும் மேஜைல வச்சுக்க மாட்டாங்க. வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, கையைக் கழுவிட்டு வந்துடுவோம்."

ஒரு மாதத்தில் பாஸ்போர்ட் வந்த ரகசியம் அந்த சோப்பு டப்பாவில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் அந்த வார்த்தைக்காக என் மேஜையில் காத்துக்கிடந்தார்கள்!

"வியாதி இல்ல சார். லத்தீன். அரிவாள் வடிவம்னு அர்த்தம்."

"அரிவாளா? நம்பற மாதிரி இல்லையே."

உம்மா முன்னால் வந்தார். துப்பட்டிக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து, பிரித்து, அதிகாரியின் மேஜை மேல் வைத்தார். செல்லம்மாவின் கருக்கரிவாள்.

"இந்த ரூபம்தாங்க ஐயா."

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா! இது ஆபீசு!"

"தெரியும்ங்க. அதான் பேப்பர்ல சுத்தி எடுத்தாந்தேன்."

"எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"திருத்த முடியாதுன்னு நீங்க சொன்னீங்கன்னா, இங்கயே வெரல்ல போட்டுடலாம்னுதான். நீங்க பாத்து எழுதுன மாதிரியும் இருக்கும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இந்தம்மா நிஜமாத்தான் சொல்றாங்களா?"

"நிஜம்தான் சார். நேத்து நான் தடுக்கலேன்னா முடிஞ்சிருக்கும். முக்கால்வாசி நானும் கூட நின்னேன். என் மேல என்ன வேணா எழுதிக்குங்க சார். மேஜைய எடுத்துடுறேன். இந்தப் பையனுக்குப் பதிமூணு நாள் இருக்கு."

அறையில் வேலை செய்த மற்றவர்கள் வந்து கதவோரம் நின்றார்கள். ஒருவர் அரிவாளின் வளைவை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். அதிகாரி உட்கார்ந்தார். வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். என் விரலில் இருந்த கட்டைப் பார்த்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஹாஜாவின் இடது கையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் இத்தனை வருஷத் தொழிலில், எழுதுவதற்கு முன்னால் ஒருவர் அவ்வளவு நேரம் ஒரு கையைப் பார்த்து நான் கண்டதில்லை.

"வேற எங்கயாவது மச்சம், தழும்பு?"

"எதுவும் இல்ல சார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றான் ஹாஜா, ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வதுபோல.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். முன்பு எழுதிய அடையாளம் தவறு, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "இனிமே ஒரே ஒரு ஃபால்கேட் வந்தாலும் நான் பட்டுக்கோட்டைக்கு வந்துடுவேன்." பிறகு உம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். "அம்மா, அடையாளம் இல்லேன்னு எழுதியாச்சு. பையன் விமானம் ஏறுற வரைக்கும் கைல ஒரு கீறல் விழாமப் பாத்துக்குங்க. விழுந்தா நான் பொறுப்பில்ல."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. உம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் பாஸ்போர்ட்டை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு கையாலும் மகனின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார விடவில்லை. கம்பியைப் பிடிக்க விடவில்லை. வீட்டில் மீனுக்கு முள் எடுத்து ஊட்டினாராம். நகத்தைக்கூட அவரே வெட்டினாராம், நாற்பது நிமிஷம். செல்லம்மா அரிவாளைத் திரும்ப வாங்கப் போனபோது வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி அதைக் கையில் கொடுத்து, "இனிமே அதக் கொண்டுட்டு இந்தத் தெருவுக்குள்ள வராத தாயி," என்று கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

நான் அதற்குள் முன்கூட்டித் தட்டிய கட்டைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டிருந்தேன். மேஜையை யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில், "கையக் காட்டுங்க," என்பேன். ஜோசியக்காரன் என்று பெயர் வந்தது. வரட்டும்.

விசா முடிய நாலு நாள் இருக்கும்போது வேன் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். ஹாஜா, உம்மா, சொந்தக்காரர்கள் ஒன்பது பேர், நான். வழி முழுக்க ஹாஜாவின் இடது கை ஒரு பெரிய வெள்ளை மூட்டையாக அவன் மடியில் கிடந்தது. கீறல் படக் கூடாது என்று உம்மா அதைப் பஞ்சு வைத்து, கைக்குட்டை சுற்றி, அதற்கு மேல் துண்டு சுற்றி, நூலால் கட்டியிருந்தார். திண்டிவனத்தில் டீ குடிக்க அவிழ்க்கலாமா என்று கேட்டான். வலது கை எதற்கு இருக்கிறது என்றார்.

விமான நிலைய வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஹாஜா மட்டும். வாசலிலேயே நின்ற போலீஸ்காரர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். "கைல என்னய்யா காயம்? அவிழ்."

உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹாஜா நூலைப் பல்லால் அறுத்தான். துண்டு விழுந்தது. கைக்குட்டை விழுந்தது. பஞ்சு காற்றில் பறந்தது. போலீஸ்காரர் குனிந்து, கையைத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தார். கதவு திறந்து மூடும்போது அவர் குரல் எங்களுக்குக் கேட்டது.

"என்னய்யா, ஒண்ணுமே இல்லையே?"

"அதான் சார்," என்றான் ஹாஜா, "பாஸ்போர்ட்லயும் எழுதியிருக்கு."